டப்பா இல்லாமல் வந்த சீட் ரெயில்

எனக்கு உயரம் நாலடி பத்தங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் வீட்டில் என் உயரத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆள் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் சீட்டை மாற்ற வேண்டியிருக்காதாம். சீட்டை மாற்றாதிருந்தால் தோள் எலும்பு முறிந்திருக்காதாம். குற்றத்தைத் தேடிக்கொண்டே போய், கடைசியில் என்னைக் குள்ளமாகப் படைத்த ஆண்டவர் தலையில் கட்டினார்கள். தம்பியின் பேரை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரையில் எங்கள் வீடு. அப்பா மீன் வியாபாரம் செய்தவர். நான் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது போய்விட்டார். தம்பிக்கு அப்போது பத்து வயது. படிப்பு முடிந்ததும் நான் கல்ஃபுக்குப் போனேன். பதினோரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்பதுதான் சரியான வார்த்தை. அங்கே யாரும் உட்கார்வதில்லை. ஓட்டு வீடு கான்கிரீட் வீடானது. தம்பி ஐடிஐ முடித்தான். இரண்டாயிரத்து நாலில் அவனுக்கும் விசா எடுத்து, என் ஆஸ்பத்திரியிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் சேர்த்துவிட்டேன். பிறகு அவனுக்குக் கல்யாணமும் நடந்தது. எனக்குக் கல்யாணம் பேச யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் அந்த ஞாபகம் அவ்வளவாக வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் ஒரு கார். அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒருவர் இரண்டு கதவு மட்டும் உள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு கார் வைத்திருந்தார். டியூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடப்பேன். பதினோரு வருஷமும் நடந்தேன். ஒருநாள் இதுபோல் ஒன்றை ஓட்டாமல் சாகக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஆசை, அவ்வளவுதான். ஆசைக்குக் காரணம் சொல்லச் சொல்வது பெண்களிடம் மட்டும்தான்.

ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவரின் மகன் வெளிநாடு போகிறான், அவனுடைய பந்தயக் காரை விற்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஜப்பான்காரன் செய்த, இரண்டு கதவுள்ள, மஞ்சள் நிறக் கார். போய்ப் பார்த்தேன். அன்றைக்கே வாங்கிவிட்டேன். ஊரில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 'சிஸ்டருக்க தவளை' என்று பேர் வைத்தார்கள். சந்தைக்குப் போகிற பெண்கள்கூட "தவளை வருது, வழி விடுங்கட்டீ" என்று ஒதுங்குவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. தவளை என்றால் தவளை, என்னுடைய தவளை.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. சவத்தை விற்றுத் தொலை என்று ஒரு வாரம் சொன்னாள். பிறகு பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆனால் ஓட்ட முடியவில்லை. தோட்டக்காரர் மகன் ஆறடி ஆள். பந்தயத்துக்காகக் கம்பெனி சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, உடம்பைக் கவ்விப் பிடிக்கிற பக்கெட் சீட் ஒன்றை அவன் கால் நீளத்துக்குத் தரையோடு முறுக்கி வைத்திருந்தான். முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. நான் உட்கார்ந்தால் கிளட்சில் விரல் நுனிதான் படும். கண்ணாடி வழியாக வானமும் தென்னங்கொண்டையும் தெரியும், ரோடு தெரியாது. முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து ஓட்டினேன். இரண்டு நாளில் நிறுத்திவிட்டேன். தலையணை வைத்தால் பெல்ட் உடம்பை இறுக்கிப் பிடிக்காது. இடித்தால் உடம்பு அமுங்கிக் கீழே நழுவும், பெல்ட் வயிற்றில் ஏறும். அப்படி வந்தவர்களின் வயிற்றை நான் பார்த்திருக்கிறேன்.

வேறொன்றையும் பார்த்திருக்கிறேன். சீட்டே பெயர்ந்து வந்த ஒருவரை. அந்த ஆள் பெல்ட் போட்டிருந்தார். மெதுவாகத்தான் வந்திருக்கிறார். ஆனால் சீட்டுக்குக் கீழே யாரோ ஒட்டவைத்த இரும்பு விட்டுவிட்டது. சீட்டும் பெல்ட்டும் ஆளும் சேர்ந்தே ஸ்டியரிங்கில் போய் மோதினார்கள். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது. அவரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டிய கை என் கை. அதனால் சீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது எனக்கு உயிர் விஷயம். மற்றவர்களுக்கு அது ஒரு துண்டு இரும்பு.

அந்தத் துண்டு இரும்புக்குப் பேர் சீட் ரெயில். சீட்டுக்கும் காரின் தரைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஓடுகிற தண்டவாளம். அதில்தான் சீட் முன்னும் பின்னும் நகரும். நகராமல் பூட்டிக்கொள்வதும் அதில்தான். என் காரில் பெல்ட்டின் பூட்டும் அதில்தான் முறுக்கப்பட்டிருந்தது. ஆக அது விட்டுப்போனால் எல்லாம் விட்டுப்போகும். எனக்கு வேண்டியது முன்னால் நகர்கிற, கொஞ்சம் உயர்த்துகிற, அந்தக் காருக்கென்றே செய்த ஒரு ஜோடி ரெயில்.

நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக் இருந்தார். ஐம்பது வயது, கறாரான ஆள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற நாள் என்றால் ஆளுங்கட்சிக்காரன் வந்தாலும் ஷட்டரைத் திறக்க மாட்டார். அவரிடம் போனதும் மூலையைக் காட்டினார்.

"வேனுக்க சேனல் கெடக்கு சிஸ்டரே. வெட்டி வெல்டு வச்சா ரெண்டு மணிக்கூறு வேல."

வெல்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பட்டறை நடுவில் நின்றுகொண்டு, அந்த நெஞ்செலும்புக்காரரின் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். கையில் ஸ்பேனரோடு கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், சரி, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், சொன்னதை மாட்டித் தருகிறேன் என்றார். அன்றிலிருந்து அவர் எனக்குக் கட்சிக்காரர் ஆகிவிட்டார். வெல்டு வைக்கச் சொல்லி வேறு யாராவது வந்தால் என் கதையை அவர் சொல்லி அனுப்பினார்.

மூன்று மாதம் தேடினேன். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாம் வேறு எதையோ பார்க்க, நான் மட்டும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் எந்தக் காருக்கும் பொருந்தும் என்று ஒரு ரெயில் விற்றார்கள். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் பொருந்தாது என்று வைத்துவிட்டேன். இன்னொன்றில் ஒரு பக்கம்தான் பூட்டு. கார் எதிலாவது இடித்தால் மறுபக்கம் நழுவி சீட் கோணும். இன்னொன்றைத் தரையில் புதிதாக ஓட்டை போட்டுத்தான் மாட்ட வேண்டும், தகடு தாங்காது. வேண்டியதை மனப்பாடம் செய்துவிட்டேன். கம்பெனி கொடுத்த அதே நாலு ஓட்டையில் உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும், பெல்ட் பூட்டுக்கு இடம் இருக்க வேண்டும், சோதித்துப் பார்த்ததற்கு முத்திரையும் எண்ணும் பொறித்திருக்க வேண்டும், போல்ட்டின் தலையில்கூட அதன் பலம் எழுதியிருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்படி ஒன்றை ஒரே ஒரு ஜப்பான் கம்பெனிதான் செய்தது. அது தம்பி இருக்கிற ஊரில், அவன் ரூமுக்குப் பக்கத்து மார்க்கெட்டிலேயே கிடைத்தது.

அளவு தவறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்துக்கொண்டு போனேன். கார் தரையில் விரித்து, நாலு ஓட்டையையும் குறித்து, ஓரங்களைக் கத்தரித்து, இடது வலது, முன் பின் என்று மார்க்கர் பேனாவில் எழுதினேன். யாரோ ஒருவருடைய விலா எலும்பு அதில் மங்கலாகத் தெரியும். ஊரிலிருந்து திரும்பிப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். எனக்கு சோப்பு வேண்டாம், சென்ட் வேண்டாம், பால்பவுடர் வேண்டாம், இது ஒன்றை மட்டும் கொண்டு வா என்று தம்பியிடம் சொன்னேன். காசு அனுப்புகிறேன் என்றதற்கு, என்னக்கா இப்படிப் பேசுகிறாய் என்று கோபித்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் போன் வந்தது.

"எக்கா, சாதனம் கிட்டிச்சு. நீ சொன்ன அதே கம்பெனி. ரெண்டு பக்கமும் லாக்கு உண்டு."

அன்றைக்கு வார்டில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். சொந்தக்காரர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்டார்கள். சீட் ரெயில் கிடைத்தது என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

தம்பி ஒன்றரை மாத லீவில் வந்தான். பெட்டி திறக்கிற சடங்கு எங்கள் பக்கத்தில் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீடு நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும். அவன் மனைவிக்கு, அவள் வீட்டுக்கு, அம்மாவுக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஹாலில் வைக்க ஐந்து ஸ்பீக்கரோடு ஒரு ஹோம் தியேட்டர் வந்தது. என்னுடையது வரவில்லை. எடை கூடிவிட்டது, கூட வேலை செய்கிற தேங்காய்ப்பட்டணத்துக் கூட்டுக்காரன் பெட்டியில் போட்டிருக்கிறேன், அவன் நாலு நாளில் வருவான், நானே போய் எடுத்து வருகிறேன் என்றான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? என் சாமான்கள் எத்தனை பேர் பெட்டியில் வந்திருக்கின்றன, எத்தனை பேர் சாமான்களை நான் சுமந்திருக்கிறேன்.

நாலாம் நாள் பைக்கில் தேங்காய்ப்பட்டணம் போய்விட்டு சாயங்காலம் வந்தான். போர்வையில் சுற்றி, அதற்குள் கல்ஃபில் அச்சான மலையாளப் பேப்பரில் சுற்றி, இரண்டு ரெயில். கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. டப்பா இல்லை. காகிதம் இல்லை. ஒட்டி வரும் லேபிள்கூட இல்லை.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்யக்கூடிய தப்பு. வெளியூர்க்காரன் எவனாக இருந்தாலும் டப்பா எங்கே என்று கேட்டிருப்பான். நாங்கள் கேட்க மாட்டோம். கல்ஃபிலிருந்து வருகிறவன் முதலில் செய்கிற காரியம் எல்லாவற்றின் டப்பாவையும் கழற்றி எறிவது. பெட்டிக்கு இத்தனை கிலோ என்று கணக்கு. அட்டையைச் சுமப்பதற்கு நாலு சோப்பைச் சுமக்கலாம். மிக்சி துணிக்குள் சுருண்டு வரும். கடிகாரம் சாக்ஸுக்குள் வரும். பதினோரு வருஷமும் நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். தம்பி முதல் தடவை அங்கே வந்தபோது பெட்டி அடுக்குவது எப்படி என்று அவனைத் தரையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். டப்பா இல்லாதது எனக்கு ஓர் அடையாளமாகவே இருந்தது. டப்பா இல்லையா, அப்போது இது கல்ஃப் சாமான்தான்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு ஓட்டையும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"சிஸ்டரே, ஒரு நம்பரு, ஒரு முத்திர, ஒண்ணும் காணேல்லியே. இந்த ஓரத்துல பெயின்ட்டுக்கு அடியில வெல்டு புடைச்சிருக்க மாதிரி இருக்கு. கம்பெனிச் சாதனம்தானா?"

எனக்கு வந்ததே கோபம். "எனக்க தம்பி கொண்டுவந்தது. அவனவிட ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். முத்திரை டப்பாவில் இருந்திருக்கும், டப்பாவை நாங்கள் கொண்டுவர மாட்டோம், கல்ஃபுக்குப் போகாதவர்களுக்கு அது புரியாது என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாத வார்த்தை அது. முத்திரை இரும்பிலேயே பொறித்திருக்க வேண்டும் என்று மூன்று மாதம் மனப்பாடம் செய்தவள் நான். அவருக்குப் பாடம் எடுத்தவளும் நான். அந்த மனுஷர் ஸ்பேனரை எடுத்து மாட்டிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் ஓட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஐந்து மாதம்தான் நான் வாழ்ந்தேன். கிளட்ச் பாதத்துக்கு வந்தது. ரோடு கண்ணுக்கு வந்தது. காலை டியூட்டிக்கு வயலுக்கு நடுவில் ஓட்டிப்போகும்போது, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, வாய்க்கு வந்த கோயில் பாட்டைச் சத்தமாகப் பாடுவேன். யாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம், யாருக்கும் விசா எடுத்துக் கொடுக்க வேண்டாம். இருபத்தைந்து நிமிஷம் எனக்கே எனக்கு. தம்பி லீவு முடிந்து திரும்பிப் போயிருந்தான். வாரம் ஒரு தடவை போன் செய்வான். வண்டி எப்படி இருக்கிறது என்று அவனாகவே கேட்பான். எவ்வளவு அக்கறை பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று காலை எட்டு மணி இருக்கும். முன்னால் போன மினி பஸ் கை காட்டிய பெண்ணுக்காகச் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். வேகம் ஐம்பதுகூட இல்லை. காலுக்குக் கீழே டப் என்று ஒரு சத்தம். சீட்டின் இடது பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சீட் வலது பக்கம் திரும்பியது. பெல்ட் தொய்ந்தது. பிரேக்கில் இருந்த கால் நழுவியது. நெஞ்சும் தோளும் ஸ்டியரிங்கில் போய் விழுந்தன. பஸ்ஸில் இடிக்காமல் ஒடித்தது எப்படி என்று எனக்குத் தெரியாது. கார் ரோட்டோர ஓடைப் பாலத்தின் கலுங்குச் சுவரில் முட்டி நின்றது. விழும்போதே எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த நெஞ்செலும்புக்காரரைத்தான் நினைத்தேன்.

என்னை என் கேஷுவாலிட்டிக்கே கொண்டுபோனார்கள். வலது காறை எலும்பு முறிவு, இரண்டு விலா எலும்பில் கீறல். டாக்டர், ஐம்பதுக்குப் பதில் எண்பதில் போயிருந்தால் நாங்கள் உனக்கு வேறு காரியம் செய்துகொண்டிருப்போம் என்றார். சிரித்தேன். சிரித்தால் வலித்தது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கையில் உரச்சாக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அதிலிருந்து ஒடிந்த ரெயிலை எடுத்து வைத்தார். நான்தான் இடது கையால் எடுத்துத் திருப்பினேன். வெல்டு விட்டுப் பிளந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. அதற்கு அடியில் நீலம்.

அந்த நீலத்தை எனக்குத் தெரியும். கடற்கரையில் பிறந்த எவளுக்கும் தெரியும். படகுக்கு அடிக்கிற நீலம். அதற்கும் அடியில் இரும்பைத் தின்று குழி குழியாக்கிய கடல் துரு. ஜப்பான்காரன் படகை உடைத்து சீட் ரெயில் செய்வானா? ஏதோ ஒரு விசைப்படகிலிருந்து கழற்றிய பழைய தகட்டை வெட்டி, பழைய வேன் சேனலை அதில் ஒட்டி, மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நான் அன்றைக்கே மாட்ட முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும் சிஸ்டரே, என் மேலும் பிழை உண்டு என்றார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். தப்புச் செய்யாத ஆள் வந்து தப்பை ஏற்றுக்கொண்டு நிற்கிறார்.

தம்பிக்குப் போன் செய்தேன். முதலில் ஒன்றும் தெரியாத மாதிரிப் பேசினான். படகுப் பெயின்ட் என்றதும் ஒவ்வொன்றாக வந்தது. ரெயிலை வாங்கியது உண்மை. நான் சொன்ன அதே கம்பெனி, முத்திரையோடு, எண்ணோடு. ஏர்போர்ட்டில் எடை கூடிவிட்டது. ஏதாவது ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெட்டியில் பெரிய சாமான் இரண்டே இரண்டு, என் ரெயிலும் ஹோம் தியேட்டரும். ரெயிலை எடுத்து, வழியனுப்ப வந்தவன் கையில் கொடுத்துவிட்டான். அவன் அதை யாருக்கோ கொடுத்துவிட்டானாம். எங்கள் ஹாலில் ஆறு மாதமாக இருந்த ஹோம் தியேட்டர் டப்பாவோடு வந்தது என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. ஐந்து ஸ்பீக்கரும் தெர்மோகோலும் படம் போட்ட அட்டையும், அப்படியே, ஒரு கிலோ குறைக்காமல்.

சரி, அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று அவன் சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? கத்தியிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பயந்து தேங்காய்ப்பட்டணத்தில் படகு வேலை செய்கிற பட்டறைக்குப் போயிருக்கிறான். அளவு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். நீ வெட்டி அனுப்பின எக்ஸ்ரே ஃபிலிம்தான் என்றான். அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தானாம். அதை வைத்து வெட்டியதால்தான் நாலு ஓட்டையும் மயிரிழை பிசகவில்லை. என் கையாலேயே என்னை ஏமாற்றியிருக்கிறான்.

உனக்குப் பயமாக இல்லையா, எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கேட்டேன்.

"நீ நாப்பதுக்கு மேல போமாட்டியேண்ணு நெனச்சேன் எக்கா" என்றான்.

போனை வைத்துவிட்டேன். வாய்க்கு வந்த வசவு எதுவும் அவனுக்குப் போதாது. திரும்பிப் போன நாளிலிருந்து வாரா வாரம் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டானே, அது வண்டியை அல்ல, நான் இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறான்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். வலது கை தூளியில், உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்தேன். வயசானவள், மகன் இப்படிச் செய்தான் என்று கேட்டால் உடைந்துபோவாள் என்று பயந்தேன். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று ஆட்டோவில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். சுத்தப் பைத்தியக்காரி நான்.

அம்மா அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மணைப்பலகையை இடது கையால் இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஏர்போர்ட், பட்டறை, நீலப் பெயின்ட் எல்லாம் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. தலையைக் கிள்ளுவதும் குடலை எடுப்பதுமாக, ஒவ்வொரு மீனாகச் சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடித்த பிறகும் ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவன் தேங்காப்பட்டணத்துலயிருந்து வந்த அண்ணைக்கே சொன்னான் மக்களே. நீ லீவுல வந்த பிள்ளையப் பிடிச்சுத் தின்னுருவேண்ணு பயந்தான். நானும் அவன் போற வரைக்கும் வீட்டுல ஒரு சண்ட வேண்டாமுண்ணு பாத்தேன்."

"போன பெறவு?"

"அடுத்த லீவுக்கு ஒரிஜினல கொண்டாறேண்ணு சொன்னான்."

"தெரிஞ்சும் என்ன தெனமும் அதுல ஏத்தி விட்டியா?"

அவள் மீன் கையைப் புடவையில் துடைத்தாள். ஐந்து மாதமும் நான் சாவியை எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, பானெட்டில் கை வைத்துச் சிலுவை போட்டுவிட்டுப் போனாள். காரைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவாதுண்ணு நெனச்சேன்" என்றாள். "ஒனக்கு எப்பவும் ஒண்ணும் ஆனதில்லியே."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பதினோரு வருஷம் நான் போனில் அவளிடம் சொன்னது அது ஒன்றைத்தான். எனக்கு ஒன்றுமில்லையம்மா, நன்றாக இருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோதும் சொன்னேன், வேலை போய்விடும் என்றிருந்த மாதத்திலும் சொன்னேன். தம்பிக்கு ஒரு தலைவலி என்றால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்கிறவள், எனக்கு ஒன்றும் ஆகாது என்று என் வாயாலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கத்தவில்லை நான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் அறையில் படுத்தேன்.

மத்தியானம் அம்மா தட்டோடு வந்தாள். வலது கை கட்டுக்குள் இருந்ததால் என்னால் பிசைந்து சாப்பிட முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். நெத்திலியோடு பாறை மீன் குழம்பும் வைத்திருந்தாள். மீனைப் பிய்த்து, முள்ளைத் தடவித் தடவி எடுத்து, சோற்றில் வைத்து உருட்டித் தந்தாள். சின்ன வயதில் அவள் கையிலிருந்து வாங்கிய சோற்றை நான் மெல்லாமல்கூட விழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் நாக்கால் துழாவி, முள் இல்லை என்று பார்த்த பிறகே விழுங்கினேன்.